செயலியிடம் பேசியவள்

பள்ளிக்கூடத்தில் மொழிப்பாடம் நடத்திக்கொண்டிருந்தவள், வேலையை விட்டுவிட்டு ஆராய்ச்சி மாணவியானபோது நாற்பதை நெருங்கியிருந்தாள். கைப்பேசிச் செயலி மூலம் அயல்மொழி பழகுகிறவர்களுக்குப் பேச்சு எப்படித் திருந்துகிறது என்பது ஆய்வு. அவர்கள் செயலியிடம் பேசிய பதிவுகளைக் கேட்டு, பிழைகளைக் குறிக்க வேண்டும். காதில் ஹெட்போனை மாட்டி உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பாள். பக்கத்து மேசைக்காரர்கள் சாப்பிடக் கூப்பிட்டுப் பார்த்து, அவள் காதில் விழாததால் கூப்பிடுவதையே விட்டுவிட்டார்கள்.

அக்கா மட்டும் ஞாயிறு தவறாமல் போன் செய்வாள்.

"இன்னும் முடியலையாடி? தலை முழுக்க நரைச்சாத்தான் டாக்டர் பட்டம் குடுப்பாங்களா?"

"டை அடிச்சுக்கிட்டுப் போய் வாங்கிக்கிறேன்கா."

போனை வைத்ததும் வாடகை அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும் மிஞ்சும்.

பதிவுகளில் ஒரு குரல் அவளைப் பிடித்து நிறுத்தியது. மருந்துக்கடையில் வேலை பார்க்கும் பெண். வெளிநாட்டு வேலைக்காக மொழி கற்றுக்கொண்டிருந்தாள். "நேற்று என்ன செய்தீர்கள்?" என்று செயலி கேட்டால் மற்றவர்கள் ஒரு வரியோடு நிறுத்திக்கொள்வார்கள். இவள் இறந்துபோன கணவனைப் பற்றி, தட்டுத்தடுமாறிப் பேசிக்கொண்டே போவாள். "அவர் சட்டை. யாருக்கும் கொடுக்கவில்லை. நான் போடுகிறேன்." செயலி, "நன்று, அடுத்த கேள்வி" என்னும்.

"பாடத்துக்கு வெளிய பேசினதையெல்லாம் வெட்டிடுங்க," என்றார் வழிகாட்டிப் பேராசிரியர். அவளுக்கு மனம் வரவில்லை. காலையில் வந்ததும் முதலில் அந்தக் குரலைத்தான் தேடினாள். அதைப் பற்றி ஓர் அத்தியாயமே எழுத அனுமதி கேட்கலாம் என்று, ஒப்புதல் படிவத்தில் இருந்த முகவரியைப் பார்த்து மருந்துக்கடைக்குப் போனாள்.

கேட்டதும் அந்தப் பெண்ணின் முகம் வெளிறிவிட்டது.

"அதை ஆளுங்க கேப்பாங்களா? மெஷின்தானேன்னு நெனச்சேன்."

"நீங்க கையெழுத்துப் போட்ட பேப்பர்ல இருந்துச்சுங்க…"

"இருந்திருக்கும். யாரு படிச்சா?" கவுன்டரைத் துடைத்தபடியே சொன்னாள்: "நம்ம பாஷையில அவரைப் பத்திப் பேச ஆரம்பிச்சா அழுகை வந்துடும். அந்த பாஷையில எனக்கு வார்த்தையே கொஞ்சம். அழறதுக்குப் பத்தாது. அதான் பேச முடிஞ்சுது. தயவுசெஞ்சு எழுதாதீங்க."

"சத்தியமா எழுதமாட்டேன்."

அடுத்து வந்த அந்தப் பெண்ணின் பதிவுகளில், "கடைக்குப் போனேன். சமைத்தேன். தூங்கினேன்" என்பது மட்டுமே இருந்தது. ஒரு பிழை இல்லை. அவள் ஒவ்வொன்றையும் கடைசி வரை ஓடவிட்டு, இன்னும் ஏதாவது வருமா என்று காத்திருந்தாள். மன்னிப்புக் கேட்கலாம் என்று ஒருநாள் தெருமுனை வரை போய், கால் வராமல் திரும்பினாள். சொற்களின் எண்ணிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு, பழைய பதிவுகளைத் தன் கையாலேயே அழித்தாள்.

ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் ஒருவர் வரைபடத்தைக் காட்டிக் கேட்டார். "இந்த ஒருத்தரோட பேச்சு மட்டும் ஏன் திடீர்னு இப்படிக் குறையுது?"

"நான் அவங்களைப் போய்ப் பார்த்தேன் சார். ஆளுங்க கேக்குறாங்கன்னு தெரிஞ்சதும் நிறுத்திட்டாங்க."

"அப்ப நீங்கதான் கெடுத்தீங்க."

"ஆமா சார்."

சிரித்தார்கள். அதை ஆய்வின் குறைகளில் சேர்த்துவிடச் சொல்லிப் பட்டத்துக்குப் பரிந்துரைத்தார்கள்.

"டாக்டரம்மா!" என்று போனில் கத்திய அக்கா, "ஏன்டி குரல் கம்முது?" என்றாள்.

"ரொம்ப நேரம் பேசினேன்கா. தொண்டை கட்டிக்கிச்சு."

மறுவாரம் துணிந்து மருந்துக்கடைக்குப் போனாள். கவுன்டரில் வேறொரு பெண் நின்றாள்.

"அந்தக்கா வெளிநாடு போயிட்டாங்களே. உங்களுக்கு என்ன வேணும்?"

தலைவலி மாத்திரை வாங்கிக்கொண்டு வந்தாள்.