சேதம் இல்லை என்று எழுதிய சீட்டு

குவைத் பாலைவனத்தில் ஒரு வெளிநாட்டுப் படைமுகாமின் லாண்டரியில் இரண்டு வருடம் தையல்காரனாக இருந்தேன். துணி வாங்கும்போதே விரித்துப் பார்ப்பேன். ஒரு நூல் பிரிந்திருந்தாலும் சீட்டில் 'சேதம்' என்ற கட்டத்தில் எழுதி, கொண்டுவந்தவரிடம் கையெழுத்து வாங்கிவிடுவேன். பின்னால் பழி நம் தலையில் விழக்கூடாது அல்லவா? என்னைப் பார்த்தாலே சிப்பாய்கள் பெருமூச்சு விடுவார்கள்.

அவ்வளவு கறாரான நான் ஒரே ஒரு சீட்டில் பொய் எழுதினேன்.

2004 கோடையில் ஒரு காலை. பெண் சிப்பாய் ஒருத்தி வந்தாள். இருபது, இருபத்தொரு வயதிருக்கும். எப்போதும் "குட் மார்னிங் பாய்" என்று சத்தமாக நுழைபவள், அன்று பையை மேசையில் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பையிலிருந்த சட்டையில் நான்கு பொத்தான்கள் துணியோடு பிய்ந்திருந்தன. கால்சட்டையின் உள்தையல் கிழிந்து கறை பட்டிருந்தது. அவளுடைய உதட்டோரம் வீங்கியிருந்தது. அவளைப் போலவே சீருடை போட்ட எவனோ செய்த வேலை. எனக்குப் புரியவில்லை என்று சொன்னால் அது இரண்டாவது பொய்.

பேனாவை எடுத்தேன். பக்கத்தில் நின்ற சூப்பர்வைசர் அண்ணன் யாழ்ப்பாணத்துக்காரர். அவளுக்குப் புரியாதபடி தமிழில் சொன்னார்:

"தம்பி, கிழிஞ்சிருக்கெண்டு எழுதினியெண்டா ஆர் கிழிச்சதெண்டு கேப்பாங்கள். பிறகு உன்னையும் என்னையும்தான் விசாரணைக்குக் கூப்பிடுவாங்கள். உனக்கேன் இந்தச் சோலி? ஒண்டுமில்லையெண்டு எழுதிக் குடு. கலாஸ், அதோட முடிஞ்சுது."

'சேதம் இல்லை' என்று ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவள் படிக்காமலே கையெழுத்துப் போட்டு நகலை வாங்கிக்கொண்டாள். கறை போவதற்கு இரண்டு முறை துவைத்தேன். பிறகு யாரும் கேட்காமலே பொத்தான்களை வைத்துத் தைத்தேன், கிழிசலைத் தெரியாதபடி மூடினேன். ஏதோ புண்ணியம் செய்கிறோம் என்ற நினைப்பு வேறு.

அதற்குப் பிறகு நான்கைந்து நாள் அவள் தினமும் வந்தாள். கையில் ஒரே ஒரு ஜோடி காலுறை இருக்கும். சீட்டை வாங்கிய பிறகும் போகாமல் நிற்பாள். நான் தலையைக் குனிந்துகொண்டு மெஷினை ஓட்டுவேன். ரூமில் அவளுக்கு 'காலுறை மேடம்' என்று பெயர் வைத்துச் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன். பிறகு அவள் வரவில்லை.

நான்கு வருடம் கழித்து, துபாய் அல் குசைஸில் ஒரு திரைச்சீலைக் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது சூப்பர்வைசர் அண்ணனிடமிருந்து போன் வந்தது.

"தம்பி, அந்தப் பிள்ளை கம்பெனிக்கு எழுதி உன்னைத் தேடுது. உன்ர ஈமெயிலைக் குடுத்திட்டன்." குரலில் பழைய அதட்டல் இல்லை.

அவள் மெயில் மறுநாள் வந்தது. படையிலிருந்து விலகிவிட்டாளாம். தூக்கம் இல்லை, எந்த வேலையிலும் நிலைக்க முடியவில்லை. படையில் நேர்ந்த கொடுமையால் வந்த நோய் என்று அவள் நாட்டு அரசிடம் உதவித்தொகைக்கு விண்ணப்பித்திருக்கிறாள். அப்போதே ஏன் புகார் கொடுக்கவில்லை, ஆதாரம் எங்கே என்று கேட்கிறார்களாம். அந்த நாளைக் காட்ட அவளிடம் மிஞ்சியது லாண்டரிச் சீட்டு ஒன்றுதான். அதில் என் கையெழுத்தில் அந்தப் பொய். 'உங்களுக்கு நினைவிருக்கிறதா? இருந்தால் எழுதித் தர முடியுமா?' என்று கேட்டிருந்தாள்.

நினைவில்லை, மன்னிக்கவும் என்று பதில் போட்டேன். விசா, போலீஸ், கோர்ட் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். பதினோரு நாள் ஓடியது. ஊசியில் நூல் கோக்கும்போதெல்லாம் அந்த நான்கு பொத்தான்கள் கண்ணுக்குள் வந்து நின்றன. என்னை நினைக்கவே எனக்குக் கூசியது.

வெள்ளிக்கிழமை இன்டர்நெட் சென்டரில் போய் உட்கார்ந்து, தெரிந்த இங்கிலீஷில் பார்த்ததை எல்லாம் எழுதினேன். பொத்தான், உள்தையல், கறை, உதடு, இரண்டு முறை துவைத்தது. நினைவில்லை என்றதும் பொய் என்று எழுதினேன். அன்று ஏன் சீட்டில் அப்படி எழுதினேன் என்பதையும் சொல்ல வேண்டுமே. 'உங்கள் மானத்தைக் காப்பாற்ற' என்று தட்டினேன். படித்துப் பார்த்துவிட்டு அழித்தேன். 'என் வேலைக்குப் பயந்து' என்று எழுதி அனுப்பினேன்.

ஏழெட்டு மாதம் கழித்து அவளிடமிருந்து பதில் வந்தது. விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்டார்களாம். என் கடிதம் உதவியது என்று நன்றி சொல்லியிருந்தாள். கீழே இன்னும் சில வரிகள் இருந்தன.

'சட்டை திரும்பி வந்தபோது பொத்தான்கள் இருந்தன. யாரோ ஒருவருக்குத் தெரிந்திருக்கிறது என்று நினைத்தேன். நீங்கள் நிமிர்ந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அதற்குத்தான் தினமும் காலுறையை எடுத்துக்கொண்டு வந்தேன்.'