புதிய பொருள் உண்டாகிறதா?

ஏழாம் வகுப்புக்கு நான் வருடா வருடம் எடுக்கும் பாடம் அது. பனிக்கட்டி உருகினாலும் தண்ணீர்தான். உறைய வைத்தால் மறுபடி பனிக்கட்டி. அது இயற்பியல் மாற்றம். தயிரான பாலைத் திரும்பப் பாலாக்க யாராலும் முடியாது. அது வேதியியல் மாற்றம். திரும்பினால் ஒன்று, திரும்பாவிட்டால் இன்னொன்று என்று பிள்ளைகள் சுருக்கமாக எழுதிக்கொள்வார்கள். ஒரு வருடம் முதல் பெஞ்சுப் பெண் ஒருத்தி எழுந்தாள்.

"டீச்சர், கிழிச்ச பேப்பரும்தான் பழையபடி ஆகாது. அப்ப அது வேதியியல் மாற்றமா?"

"இல்லம்மா. எத்தன துண்டா கிழிச்சாலும் அது பேப்பர்தான். திரும்புதான்னு மட்டும் பாக்காத. புதுசா ஒரு பொருள் உண்டாயிருக்கான்னு பாரு."

சொல்லிக் கொடுப்பது சுலபம்.

என் வீட்டுக்காரர் கல்யாணமான இரண்டாம் மாதமே சபர் போனவர். வளைகுடா வேலைக்குப் போவதைக் காரைக்காலில் எங்கள் வீடுகளில் அப்படித்தான் சொல்வோம். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை நாற்பத்தைந்து நாள் லீவு. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். எங்களுக்கு அது நாற்பத்தைந்து நாள். எங்களில் வீடு பெண்ணுக்குத்தான், மாப்பிள்ளைதான் வந்து சேரவேண்டும். ஆகவே அவர் என் வீட்டுக்கு வந்த விருந்தாளி, பிறகு லீவில் வந்த விருந்தாளி. இதற்கிடையில் ஒரு மகள் பிறந்து, வளர்ந்து, மாப்பிள்ளையோடு சென்னைக்கும் போய்விட்டாள்.

அதன் பிறகு வெள்ளிக்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டால், தினம் பத்து நிமிடம் அவரோடு பேசும் போனைத் தவிர, திங்கட்கிழமை காலை வரை என் குரலை நானே கேட்கமாட்டேன். ஏழு மணிக்குச் சாப்பாடு, எட்டரைக்கு விளக்கை அணைத்துவிடுவேன். ஆரம்பத்தில் அழுதிருக்கிறேன். பிறகு எப்போது நிறுத்தினேன் என்று ஞாபகம் இல்லை.

போன வருடம் அவர் ஒரேயடியாக வந்துவிட்டார். "இனிமே சபர் இல்ல" என்று செருப்பைக் கழற்றும்போதே சொன்னார். இத்தனை வருடம் நான் துஆவில் கேட்டது இதைத்தான். இனி நாங்கள் புருஷன் பெண்டாட்டியாக ஒரு வீட்டில் வாழவேண்டும், அவ்வளவுதான் பாக்கி.

வந்தவரைப் பார்த்தால் சிரிப்பும் பயமும் வந்தது. இருப்பதே இரண்டு பேர், குளியலறைக் கதவைத் தட்டி, "உள்ள யாரு?" என்பார். சோப்பு டப்பாவில் தன் பெயரை எழுதி வைத்தார். பிரிட்ஜைத் திறக்கும் முன் என் முகத்தைப் பார்ப்பார். சாப்பிட்ட தட்டைக் கழுவித் துடைத்து, கட்டிலுக்கு அடியில் வைப்பார். ஒரே அறையில் எட்டுப் பேரோடு இருந்த பழக்கம். நான் டீச்சர் அல்லவா, அவரைச் சோதித்துக்கொண்டே இருந்தேன். உப்பு தண்ணீரில் கரைந்திருக்கிறது, வெயிலில் வைத்தால் உப்பு கிடைத்துவிடும் என்று தைரியம் சொல்லிக்கொண்டேன்.

அது சரியாகத்தான் இருந்தது. ஒரு மாதத்தில் தட்டு கட்டிலடியிலிருந்து அடுப்படிக்கு வந்தது. "ஏ புள்ள, டீ போட்டியா?" என்று கல்யாணமான புதிதில் கூப்பிட்ட அதே குரலில் கூப்பிட்டார். மனுஷன் மாறவில்லை என்று எனக்கு ஒரே பெருமை.

அப்புறம் ஒரு சனிக்கிழமை. காலையில் மார்க்கெட்டுக்குப் போனவள் இறால் கருவாடு அரைக் கிலோ வாங்கினேன். வந்து வறுத்துப் பொடி திரித்தேன். மாங்காய் ஊறுகாயை இரண்டு பிளாஸ்டிக் உறையில் போட்டு, எண்ணெய் ஒழுகாமல் டேப் சுற்றினேன். நாற்காலியில் ஏறி பீரோ மேலிருந்த பெட்டியை இறக்கித் துடைத்து, அவருடைய நான்கு சட்டைகளை மடித்து அடுக்கினேன். பொடி டப்பாவைச் சட்டைகளுக்கு நடுவில் செருகும்போது வாசலில் அவர் நிற்பதைப் பார்த்தேன்.

"யாருக்குப் பெட்டி கட்டுற?"

நிமிர்ந்து காலண்டரைப் பார்த்தேன். அவர் வந்து நாற்பத்தைந்தாம் நாள்.

"பழக்கதோஷம்ங்க" என்றேன். அது உண்மைதான். ஆனால் முழு உண்மை இல்லை. பெட்டியை இறக்கியபோது நான் பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். அந்த நாற்பத்தைந்து நாளில் நான் அப்படி லேசாக இருந்தது அன்று ஒருநாள்தான். நாளைக்கு ஏழு மணிக்குச் சாப்பிட்டுவிட்டு எட்டரைக்கு விளக்கை அணைக்கலாம் என்று என் மனசு எங்கோ சந்தோஷப்பட்டிருக்கிறது. அவரையே பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர, என்னைச் சோதிக்க எனக்குத் தோன்றவே இல்லை. வெட்கமாக இருந்தது. அதைவிட, பாவமாக இருந்தது, அவரை நினைத்து.

அவர் கட்டிலில் உட்கார்ந்து ஊறுகாய்ப் பொட்டலத்தைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோபமே இல்லை.

"டிக்கெட் போட்டுரட்டுமா?" என்றார் சிரித்துக்கொண்டே.

விளையாட்டாகத்தான் கேட்டார். நானும் சிரித்து, "போங்க அங்கிட்டு" என்று உடனே சொல்லியிருக்கவேண்டும். சொன்னேன், ஆனால் கொஞ்ச நேரம் கழித்துத்தான் சொன்னேன். அந்தக் கொஞ்ச நேரமும் அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், பிரிட்ஜைத் திறக்கும் முன் பார்ப்பதுபோல.