‘பரவாயில்ல’ என்ற சாட்சியம்

லொரேன் ஸ்டாதர்ஸ் இங்கிலாந்தின் கிரிம்ஸ்பி துறைமுகத்தில் ஒரு மீன் ஆலையில் இருபது வருஷத்துக்கு மேல் உழைத்தவர். குளிரறையில் நின்றபடி உறைந்த மீன் துண்டுகளைப் பெட்டியில் அடுக்கும் வேலை. மூட்டுவாதம் வந்து விரல்கள் கோணியதும் வேகம் குறைந்தது. முதலில் கூலியைப் பிடித்தார்கள். பிறகு வேலையை விட்டே நீக்கினார்கள். லொரேன் தொழிலாளர் தீர்ப்பாயத்துக்குப் போனார். வக்கீல் வைக்க வசதியில்லை. பக்கத்து வீட்டுக்காரன் என்று நான் துணைக்குப் போனேன்.

நோய் உண்மைதான் என்று ஆலையே ஒப்புக்கொண்டது. தங்களுக்குத் தெரியாது என்பதுதான் அவர்கள் வாதம். தெரிந்திருக்க வழியில்லாத ஊனத்துக்கு முதலாளி பொறுப்பல்ல என்கிறது சட்டம். ஆக, வழக்கு முழுவதும் மேற்பார்வையாளன் கிளைவின் வாயில் நின்றது.

"தினம் காலைல கேப்பேங்க, எப்படி இருக்கே லொரேன்னு. 'பரவாயில்ல கண்ணு, இன்னும் சாகல'ன்னு சிரிக்கும். ஒரு நாள் குறை சொன்னதில்ல."

அவன் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. இந்த ஊரில் யார் கேட்டாலும் அதுதான் பதில். லொரேனின் அப்பா வலை இழுக்கும் எந்திரத்தில் இரண்டு விரலைக் கொடுத்துவிட்டுக் கரையேறிய அன்றும் அதையேதான் சொன்னாராம். கேட்கிறவனுக்குப் பதில் தேவையில்லை, சொல்கிறவருக்கும் அர்த்தம் தேவையில்லை. இருமல் மாதிரி ஒரு சத்தம். அதைத்தான் சாட்சியமாக எழுதிக்கொண்டார்கள்.

ஒரே ஒரு முறை லொரேன் வாய்விட்டுக் கேட்டிருக்கிறார். "கிளைவு, என் கையும் மீனும் ஒண்ணா உறைஞ்சு போச்சுப்பா. ஆபீஸ்ல சூடா ஒரு நாற்காலி காலியானா சொல்லு." வேலை வரிசையே சிரித்திருக்கிறது. அது வேண்டுகோள்தான் என்று லொரேன் சொன்னார். அப்படியானால் நீங்களும் ஏன் சிரித்தீர்கள் என்று ஆலை வக்கீல் கேட்டார். நடுவில் நீதிபதி, சற்று ஓய்வு வேண்டுமா என்று அன்பாகவே கேட்டார். பரவாயில்லை என்று சொல்லிவிட்டார் லொரேன். நான் தலையில் கை வைத்துக்கொண்டேன்.

பக்கத்தில் நின்று வேலை பார்த்த டோனாவுக்கு எல்லாம் தெரியும். தினமும் லொரேனுக்குக் கோட்டுப் பொத்தான் போட்டுவிட்டவள் அவள். வேலை போய்விடும் என்று சாட்சிக்கு வரவில்லை.

கிளைவுக்குத் தெரியாது, தெரிந்திருக்க நியாயமும் இல்லை என்று தீர்ப்பு வந்தது. பிடித்த கூலியை மட்டும் திருப்பித் தரச் சொன்னார்கள். வருஷக்கணக்கில் அந்த விரல்களுக்கு எதிரே நின்றவனுக்குத் தெரியாதாம்! கண் என்று ஒன்று எதற்கு இருக்கிறது?

ஊர் திரும்பி, வீட்டுக்குப் போக ஆலைக்கு எதிரே பஸ்ஸுக்கு நின்றோம். ஷிப்டு முடிந்து டோனா வந்தாள்.

"என்ன லொரேன், நல்லாருக்கியா?"

"இல்ல டோனா," என்றார் லொரேன். "ராத்திரி போர்வைய இழுத்துக்க முடியல. நேத்து டப்பாவத் திறக்க முடியாம சாப்பிடாமலே படுத்துட்டேன். நல்லாவே இல்ல."

டோனா தரையைப் பார்த்தாள். பிறகு சாலையைப் பார்த்தாள்.

"சரி கண்ணு, பஸ் வந்துருச்சு," என்று நகர்ந்தாள்.

சாலையில் பஸ் எதுவும் இல்லை.