பட்டனில் செருகிய ஆப்பு

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆனால் சேலையூரில் என் பட்டறையில் அடிக்கும் பிராக்கெட், அந்தத் தகட்டுத் தாங்கி, இல்லாமல் ஒரு பெரிய கார் கம்பெனியின் காரில் ஒரு கதவும் மூடாது. இதை எவன் முன்னாலும் சொல்வேன்.

கார் எப்படி உருவாகிறது என்று காட்ட, அந்தக் கம்பெனி தன் செலவில் ஓர் ஆவணப்படம் எடுத்தது. என் பட்டறைக்கும் வருகிறோம் என்றார்கள். எனக்கு அப்போதே சந்தேகம். கூலி கொடுப்பது கம்பெனி என்றால் கேமரா யாருடைய கண்?

பயப்படக் காரணம் இருந்தது. பிரஸ் மெஷினில் இரண்டு பட்டன். இரண்டு கையாலும் அமுக்கினால்தான் மெஷின் இறங்கித் தகட்டை வெட்டும். கை உள்ளே மாட்டாது. வேகம் வேண்டும் என்று நாங்கள் ஒரு பட்டன் அமுங்கியே கிடக்க அதில் மர ஆப்பைச் செருகிவிடுவோம்; ஒரு கை அமுக்கும், மறு கை தகடு மாற்றும். கம்பெனிக்குத் தெரிந்தால் அன்றோடு ஆர்டர் போச்சு.

அவர்கள் வந்த காலையில் நானே எல்லா ஆப்பையும் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

டைரக்டர் ஒரு பெண். சிரித்த முகம். சிரிக்கிறவர்களிடம் நான் கூடுதல் ஜாக்கிரதை.

"சார், ஆரம்பத்துல நீங்க தனியா ஓட்டின மெஷின் இதுதானே? கொஞ்சம் ஓட்டிக் காட்டுங்களேன்."

கேட்க வேண்டுமா? "இந்தப் பக்கம் என்னை மாதிரி அடிக்க ஆள் கிடையாதும்மா" என்று உட்கார்ந்தேன். தகட்டை வைத்தேன். கை தானாகச் சட்டைப்பைக்குள் போனது. ஆப்பைப் பட்டனில் செருகி நாலு பீஸ் அடித்துவிட்டேன்.

என் ஆபரேட்டர் காதருகே குனிந்தான். "இன்னாண்ணா, உன் கையாலயே நமக்கு ஆப்பு வச்சுட்டியே!"

சட்டென்று ஆப்பைப் பிடுங்கினேன். "அம்மா, இது மட்டும் படத்துல வேணாம்" என்றேன்.

"கவலைப்படாதீங்க சார், கட் பண்ணிடறோம்."

படம் வந்தது. மகள் போனில் காட்டினாள். மூன்று தடவை பார்த்தேன். நான் பெருமையாக உட்காருவது இருக்கிறது, ஆப்பு இல்லை. ஆர்டரும் நிற்கவில்லை.

ஆனால் முப்பது வருடம் தகடு வெட்டியவன் நான். எதை வெட்டினாலும் வெட்டிய துண்டு ஏதாவது ஒரு தொட்டியில் கிடக்கும். விலை ஏறும்போது வெளியே எடுப்பார்கள். டைரக்டருக்குப் போன் போட்டேன்.

"கட் பண்ணதை என்னம்மா பண்ணீங்க?"

"ஹார்ட் டிஸ்க்ல கிடக்கும் சார், சும்மா."

சும்மாவாம்! அன்றைக்கே ஆப்புகளை ஆபரேட்டரிடம் கொடுத்து எரிக்கச் சொன்னேன். எரித்தானா என்று போயும் பார்த்தேன். இப்போது இரண்டு கையாலும்தான் அடிக்கிறோம். வேலை மெதுவாகத்தான் போகிறது. கம்பெனி ஆள் பட்டறைக்குள் நுழைந்தால், முதலில் பிராக்கெட்டைப் பார்க்கிறானா, பட்டனைப் பார்க்கிறானா என்று அவன் கண்ணையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.