சேற்றுக்கு வந்த பனிவண்டி

பனியைக் கண்ணால் பார்த்திராத எங்கள் குடும்பத்துக்குப் பனியில் ஓடும் வண்டி ஒன்று வந்து சேர்ந்தபோது எனக்குப் பத்து வயது. ஜப்பானிலிருந்து கப்பலில் வரும் பழைய சாமான்களை மொத்தமாக எடுத்து, ரங்கூனில் தாமுவே பகுதியில் இருந்த கடையில் வைத்து அப்பா விற்றுவந்தார். தண்ணீர் மோட்டார், ஜெனரேட்டர், சைக்கிள் என்று கலந்து கட்டி வரும். பிரித்தால்தான் உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியும். அந்த முறை எல்லாவற்றுக்கும் அடியில் சக்கரமே இல்லாத ஒரு வண்டி கிடந்தது. மோட்டார்சைக்கிளுக்கு இருப்பதுபோல் ஆசனமும் கைப்பிடியும் இருந்தன. ஆனால் முன்னால் சக்கரம் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு நீளமான சறுக்குப் பலகைகள். பின்னால், வயிற்றுக்கு அடியில், அகலமான ரப்பர் பட்டை.

தெருவில் ஆளுக்கொரு விளக்கம் சொன்னார்கள். படகு என்றார் ஒருவர். எதிர்ப்பக்கத்து டீக்கடைக்காரர், இது கதிர் அறுக்கும் இயந்திரத்தில் பாதி என்றும், மீதி அடுத்த கப்பலில் வந்துவிடும் என்றும் அப்பாவுக்கு ஆறுதல் சொன்னார். கடைசியில் அத்தைதான் ஆசனத்துக்கு அடியில் இருந்த கையேட்டைப் புரட்டிப் பார்த்தாள்.

"பனியில ஓடுற வண்டிண்ணே" என்றாள்.

"இங்க பனிக்கு எங்க போறது?" என்று அம்மா கேட்டாள். அப்பா இருவரையும் பார்க்காமல் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அத்தை அப்பாவின் தங்கை. எங்கள் கூடவே இருந்தாள். ஜப்பானிய மொழி படித்து, சாயங்காலங்களில் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தாள். முப்பது தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. ரங்கூனில் எங்கள் ஆட்கள் என்று மிஞ்சியிருந்தது கொஞ்சம் குடும்பங்கள்தான். அவர்களிடமிருந்து வந்த வரன்களும் ஏதாவது ஒன்றில் தட்டிப்போயின. வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். பேசாமல் இருக்கிறார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும்படி பேசாமல் இருப்பார்கள்.

வண்டிக்கு ஒரு வழி பிறந்தது. ரங்கூனுக்கு வெளியே மாவ்பி ஊரில் நிறைய வயல் வைத்திருந்த பர்மியப் பெரியவர் ஒருவர் தண்ணீர் மோட்டார் வாங்க வந்தார். பெரியவர்களை அழைக்கும் வழக்கப்படி நான் அவரை 'ஊலே' என்பேன். அவர் குனிந்து வண்டியின் அடிவயிற்றைப் பார்த்துவிட்டு, பனியில் புதையாமல் ஓடுகிறதென்றால் சேற்றிலும் ஓடுமே, நாற்றுக்கட்டுகளை இழுத்துப்போக ஆகுமே என்றார். அந்த வாரமே வண்டி லாரியில் மாவ்பிக்குப் போனது. நாங்களும் போனோம்.

வண்டி ஓடத்தான் செய்தது. தண்ணீர் கட்டி உழுது வைத்த வயலில் வயிற்றைத் தேய்த்துக்கொண்டு சீறிப் பாய்ந்தது. ஆனால் திரும்பவில்லை. ஊலேயின் வேலையாள் கைப்பிடியை முழுக்க ஒடித்துப் பிடித்தும் அது நேராகவே போய் வரப்பை உடைத்துக்கொண்டு அடுத்த வயலில் வாத்து அடைத்திருந்த வேலிக்குள் புகுந்தது. வாத்துகள் எல்லாப் பக்கமும் திரும்பி ஓடின. வண்டி மட்டும் திரும்பவில்லை.

"திரும்பினால் எடுத்துக்கொள்கிறேன்" என்று ஊலே சொல்லிவிட்டார்.

அப்படித்தான் மெக்கானிக் வந்தார். க்யிம்யிண்டைங் படகுத்துறையில் படகு என்ஜின் பார்ப்பவர். தமிழர்தான், ஆனால் கிறிஸ்தவக் குடும்பம். ஞாயிறு காலை கோயிலுக்குப் போய்விட்டுத்தான் மாவ்பிக்கு வருவேன் என்றார். கையேடு ஜப்பானிய மொழியில் இருந்ததால் அத்தையும் போகவேண்டி வந்தது. அத்தை தனியாகப் போகக்கூடாது என்பதால் நானும் போகவேண்டி வந்தது.

புறப்படுமுன் அப்பா என்னைத் தனியே அழைத்தார். "அவங்க என்ன பேசிக்கறாங்கன்னு நல்லாக் கவனிச்சு வந்து எங்கிட்டச் சொல்லணும்" என்றார். வண்டி ரிப்பேரை அப்பாவுக்காகக் கற்றுக்கொண்டு வரும் பெரிய பொறுப்பு என்னிடம் வந்திருப்பதாக நான் நினைத்தேன். ரயிலில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்து மூளையைத் தயார்செய்துகொண்டேன்.

அந்த மழைக்காலத்து ஞாயிறுகளில் நான் கேட்டதெல்லாம் குழப்பம். ஒன்றைச் சரிசெய்ய வேறொன்றைத் தொட்டார்கள். முன்னால் பிடிமானம் வேண்டுமென்றால் பின்னால் இருந்த ஸ்பிரிங்கை இறுக்கினார்கள். நடுவில் ஒரு ஸ்பிரிங்கைத் தளர்த்தினார்கள். என்னை ஆசனத்தின் முன்பக்கம் உட்காரவைத்து வண்டி எவ்வளவு அமுங்குகிறது என்று அளந்தார்கள். பிறகு பின்பக்கம் தள்ளி உட்காரவைத்து அளந்தார்கள். நான் முழித்துக்கொண்டிருப்பதைப் பார்த்து மெக்கானிக் விளக்கினார்.

"பாப்பா, இந்தப் பட்டையோட முன்பக்கம் தரையை அமுக்கிக்கிட்டு நிக்குது. அதனால பலகைங்க ரெண்டும் லேசாயிடுது. லேசா இருக்கறது எப்பிடி வண்டியத் திருப்பும்? உள்ளார ஒரு வார் இருக்கு பாரு, அதை இழுத்துக் கட்டினா பட்டை மூக்கைத் தூக்கிக்கும். பாரம் பலகைக்கு வந்துரும். அப்பத் திரும்பும்."

அவர் அத்தையை 'சயாமா' என்றார். பர்மியத்தில் ஆசிரியையை அப்படித்தான் அழைப்போம். அத்தை அவரை 'சயா' என்றாள். தொழில் தெரிந்தவருக்கும் அதே மரியாதைதான். ஆக, இரண்டு ஆசிரியர்களும் ஒரு மாணவியும். மாணவிக்குத்தான் ஒன்றும் விளங்கவில்லை.

கையேட்டில் புதுப்பனிக்கு ஒரு கணக்கு, இறுகிய பனிக்கு ஒரு கணக்கு, ஈரப்பனிக்கு ஒரு கணக்கு என்று போட்டிருந்தது. "நம்ம சேறு இதுல எதுல சேரும் சயா?" என்று அத்தை கேட்டாள்.

அவர் வயலைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். "காலையில ஈரப்பனி. இப்ப மழை பெஞ்சா புதுப்பனி, சயாமா."

அத்தை சிரித்தாள். கையேட்டால் வாயை மூடிக்கொண்டு வெகுநேரம் சிரித்தாள். அதில் சிரிப்பதற்கு என்ன இருந்தது என்று யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை. அதையும் நினைவில் வைத்துக்கொண்டேன்.

ஞாயிறு இரவு சாப்பாட்டின்போது ஒப்பிப்பேன். "மூக்கைத் தூக்கணும்னாங்க. நடுவுல தளர்த்தணும்னாங்க."

"வேற?"

"ரொம்ப இறுக்கிட்டோம், அதான் தன் இஷ்டத்துக்கு இழுக்குது, கொஞ்சம் விட்டுக்கொடுத்தாதான் சரியா வரும்னாங்க."

அப்பாவின் கை தட்டில் நின்றது. "யாரு சொன்னது? அவரா, அத்தையா?"

"அவர் சொன்னார். அத்தை ஆமான்னாங்க."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா எனக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினாள். ஸ்பிரிங் விஷயத்தில் அப்பாவுக்கு ஏன் இவ்வளவு கோபம் வருகிறது, நான் ஏதாவது தலைகீழாகச் சொல்லிவிட்டேனா என்று அன்றைக்குத் தூங்கும்வரை மனசுக்குள் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தேன்.

அம்மா கேட்பது வேறு மாதிரி இருக்கும். அடுப்படியில் என் தலையை வாரிக்கொண்டே, "அங்க அத்தை எப்பிடியிருக்கா?" என்பாள்.

"சேறா இருக்காங்க."

"அது சரி. மனசு எப்பிடியிருக்கு?"

அதைக் கவனிக்கும்படி எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

இதற்கு நடுவில், உள்ளறையில் அப்பா அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. மோல்மேன் ஊர்க்காரர் ஒருவர் அடுத்த மாதம் வந்து பார்க்கிறாராம். பிடித்துவிட்டால் அப்போதே முடித்துவிடலாமாம். "ரெண்டாந்தாரம்னு பாத்தா முடியுமா? இனிமே எங்க போய்த் தேடறது?" என்றார் அப்பா. பழைய சாமான் வியாபாரம் செய்யும் வீட்டில் முதல்தரம், இரண்டாந்தரம் என்ற பேச்சு எப்போதும் உண்டு. ஊலேயை நம்பிப் பயனில்லை என்று அப்பா பனிவண்டிக்கு மோல்மேனில் வேறு ஆள் பார்த்துவிட்டார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

இவ்வளவு பாடுபடுகிற மெக்கானிக்குக்கு இது தெரியவேண்டாமா? அடுத்த ஞாயிறு அவர் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தபோது சொன்னேன். "அங்கிள், மோல்மேன்லேருந்து ஒருத்தர் பாக்க வராராம். பிடிச்சா அப்பா அவருக்கே குடுத்துருவாராம்."

ஸ்பேனர் சத்தம் நின்றது. "எதைப் பாப்பா?"

"வண்டியைத்தான்."

அவர் தலையை வெளியே நீட்டி என்னைப் பார்த்தார், பிறகு அத்தையைப் பார்த்தார். அத்தை கையேட்டைப் படித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கத்தை அவள் திருப்பவே இல்லை. அவர், "வண்டியையா, சயாமா?" என்றார் மெதுவாக.

"எங்கிட்ட யாரும் எதுவும் கேக்கல" என்றாள் அத்தை.

"கேட்டா?"

"மொதல்ல இது திரும்புதான்னு பாப்போம்."

அன்று அவர் ராட்சசன் மாதிரி வேலை செய்தார். வாரை இன்னும் ஒரு துளை இழுத்துக் கட்டினார். பலகைகளின் மேலிருந்த ஸ்பிரிங்குகளை மாற்றி மாற்றி இறுக்கினார். பலகைகளுக்கு அடியில், சேற்றைக் கிழித்துப் பிடிக்கும்படி இரும்புக் கம்பி பதித்தார். சாயங்காலம் வண்டி திரும்பத் தொடங்கியது. ஆனால் வளைவில் உள்பக்கத்துப் பலகை மேலே தூக்கிக்கொண்டு, கவிழ்வதுபோல ஆடியது. இனிமேல் ஸ்பிரிங்கில் செய்ய ஒன்றுமில்லை, ஏறி உட்கார்ந்திருக்கிறவர்கள்தான் உள்பக்கம் சாயவேண்டும் என்றார்.

அதையும் அப்பாவிடம் சொன்னேன். அப்பா சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். "வர்ற ஞாயித்துக்கெழம நானே வர்றேன்" என்றார்.

அம்மாவும் வந்தாள். ஊலே வரப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வேலையாட்கள் நாற்றுக்கட்டு அடுக்கிய பலகைச் சறுக்கு ஒன்றை வண்டிக்குப் பின்னால் கட்டினார்கள். மெக்கானிக் தனியாக ஏறி ஓட்டினார். நேராக நன்றாகப் போனது. மூலையில் திரும்பும்போது உள்பக்கம் எழும்பியது. பின்னால் இழுத்த பாரத்தில் வண்டி ஒருக்களித்து, அவர் காலை ஊன்றித்தான் நிறுத்தினார். வாத்துக்காரர் முன்னெச்சரிக்கையாக வேலிப் பக்கம் நடந்தார்.

"பின்னால ஒரு ஆள் வேணும்" என்றார் மெக்கானிக்.

நான் எழுந்து நின்றேன். அது என் வேலை. அவர் தலையை அசைத்தார். "பாப்பா எடை பத்தாது."

அத்தை கையேட்டை அம்மாவிடம் கொடுத்தாள். இடுப்பில் சுற்றியிருந்த லோஞ்சியை முழங்காலுக்கு மேலே தூக்கிச் செருகிக்கொண்டு வரப்பிலிருந்து இறங்கினாள். சேறு அவளை முழங்கால்வரை வாங்கியது. அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் என்ஜின் சத்தம் எழுந்துவிட்டது. அத்தை பின்னால் உட்கார்ந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

முதல் மூலை வந்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் உள்பக்கம் சாய்ந்தார்கள். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. இரண்டு பலகைகளும் சேற்றைக் கவ்விப் பிடித்துக்கொண்டு, வரப்போரமாக, வரப்பைத் தொடாமல், வண்டி வழுக்கிக்கொண்டு திரும்பியது. அடுத்த மூலையிலும் அப்படியே. சறுக்கும் நாற்றும் பின்னாலேயே வளைந்து போயின. அத்தையின் கொண்டை அவிழ்ந்து பறந்தது. அவள் முகத்தை அப்படி நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

நான் கைதட்டினேன். வேறு யாரும் தட்டவில்லை. வண்டி திரும்பிவிட்டது, எல்லாரும் சந்தோஷப்படவேண்டிய நேரம். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அப்பா சேற்றுத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஊலேக்கு மட்டும் வாய்கொள்ளாத சிரிப்பு. அப்பாவின் தோளைத் தட்டி, "வண்டியை எடுத்துக்கொள்கிறேன். ஆனால் உன் தங்கையும் தங்கை புருஷனும் சேர்ந்து வந்து என் ஆட்களுக்குச் சொல்லித் தரவேண்டும். அப்படிச் சேர்ந்து சாய எங்கள் ஆட்களுக்கு வராது" என்றார் பர்மியத்தில்.

அப்பா அதைத் திருத்தவில்லை. அவருக்கு பர்மியம் என்னைவிட நன்றாகத் தெரியும். காதில் விழவில்லையோ என்று நான் அவர் முகத்தைப் பார்த்தேன். பிறகு நானே திருத்தினேன். "ஊலே, அவர் அத்தை புருஷன் இல்ல. அவர் மெக்கானி..."

அம்மா என் தொடையில் கிள்ளினாள். உயிர் போகிற கிள்ளல்.

வண்டியை நிறுத்திவிட்டு அவர்கள் இருவரும் சேற்றோடு வந்து வரப்புக்குக் கீழே நின்றார்கள். ஊலே சொன்னது அவர்களுக்கும் கேட்டிருக்கவேண்டும். அப்பா மெக்கானிக்கைப் பார்த்து, "எந்தெந்த நாள் வர முடியும்னு ஊலேகிட்ட நீங்க ரெண்டு பேருமே பேசிக்கங்க" என்றார். அத்தை அங்கேயே, சேற்றில் நின்றபடி, இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். கையிலிருந்த சேறெல்லாம் முகத்தில் ஆனது.

ரயிலில் திரும்பும்போது அப்பா, மோல்மேனுக்கு வேண்டாமென்று சொல்லி அனுப்பிவிடலாம் என்றார். அம்மா சரி என்றாள். அது எனக்கு நியாயமாகப் பட்டது. வண்டியைத்தான் ஊலே வாங்கிவிட்டாரே.

பிறகு அப்பா என் பக்கம் திரும்பினார். "அடுத்த ஞாயித்துக்கெழம அத்தைகூட நீ போக வேண்டாம்மா."

ஒரு வார்த்தைகூட விடாமல் கேட்டு வந்து ஒப்பித்திருக்கிறேன். ஊலே தப்பாகச் சொன்னதைச் சரியாகத்தான் திருத்தினேன். அதற்குத்தான் கிள்ளினார்கள், அதற்குத்தான் இப்போது வேலையிலிருந்தும் எடுத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி அழுதேன். அத்தை என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். நான் அழ அழ அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள். அது எனக்கு இன்னும் அழுகையை மூட்டியது.