பஞ்சில் நனைச்ச தீர்த்தம்

எனக்கு எழுத்து கோணலாத்தான் வரும், பாதி மறந்தும் போச்சு, பொறுத்துக்கோங்க. பெரியாஸ்பத்திரியில என் வீட்டுக்காரருக்குக் குடல் ஆபரேஷன் முடிஞ்ச மறுநாள், "தண்ணி, தண்ணி"ன்னு கெஞ்சினார். எனக்கு உட்காரவும் முடியல, நிக்கவும் முடியல. கிரிவலம் முடிச்சு தீர்த்தத்தோட வந்த நாத்தனார், "சாமி தீர்த்தம் என்ன பண்ணிடும், ஊத்துங்க அண்ணி"ன்னா. டம்ளரைச் சாய்க்கப் போனேன். நர்ஸம்மா ஓடிவந்து கையைப் பிடிச்சாங்க. திட்டல.

"காத்து பிரியற வரைக்கும் ஒரு சொட்டு உள்ள போகக்கூடாதும்மா. அது பிரிஞ்சாத்தான் குடல் வேலை செய்யுதுன்னு அர்த்தம். பஞ்சைத் தீர்த்தத்துல நனைச்சு உதட்டை மட்டும் துடைங்க. காத்து பிரிஞ்சா உடனே சொல்லணும், அது உங்க வேலை."

துடைச்சிக்கிட்டே காதைத் தீட்டிக்கிட்டு இருந்தேன். சாயங்காலம் சத்தம் கேட்டுது. யார்கிட்டயும் வாய் திறக்காத நான், "சிஸ்டர், பிரிஞ்சுடுச்சு!"ன்னு வராண்டாவுல கத்திக்கிட்டே ஓடினேன். வார்டே சிரிச்சுது. முதல் ஸ்பூன் தண்ணிய என்னையே குடுக்கச் சொன்னாங்க.

இது நடந்தது ஆபரேஷனுக்கு மறுநாளா, மூணாம் நாளான்னு நாத்தனாரைக் கேட்டு யாராவது சரிபாருங்க.