தம்பியின் பேரில் வேலை செய்தவர்

நேற்று என் பேத்தி கைப்பேசியில் ஒரு பழைய ஆங்கிலத் தொலைக்காட்சி நகைச்சுவையைக் காட்டினாள். குழாய் திருத்த வந்தவனை டாக்டர் என்று நம்பி, வீட்டாரெல்லாம் நாக்கை நீட்டிக்கொண்டு நிற்கும் கதை. அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதே கதையை எண்பதுகளில், இரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் சின்னக் கிளாக்கராக இருந்தபோது பார்த்திருக்கிறேன். கார் பேட்டரியில் ஓடும் தொலைக்காட்சிப் பெட்டி, முன்னால் தரையில் லய வீடுகளில் குடியிருந்த தொழிலாளர் சனம். ஆங்கிலத்தை நான் தமிழில் சொல்லச் சொல்ல, எல்லாரையும்விட உரக்கச் சிரித்தவர், தேயிலைப் பெக்டரியில் வேலை செய்ததால் நாங்கள் பெக்டரி அண்ணன் என்று கூப்பிட்டவர். "நான் டாக்டர் இல்லீங்கன்னு சொல்லித் தொலையேன்டா!" என்று பெட்டியைப் பார்த்துக் கத்தினார்.

அவரே வேறொருவர் பேரில்தான் பெக்டரியில் வேலை செய்துகொண்டிருந்தார். தோட்டத்தை நடத்திய பழைய துரையோடு தகராறு செய்ததில் அவர் பேரை, தொழிலாளர் பேர்ப் பதிவான செக்ரோலிலிருந்து வெட்டிவிட்டார்கள். வடக்கே வவுனியாவுக்குப் போய்விட்ட அவர் தம்பியின் பேர் மட்டும் அதில் கிடந்தது. புதுத் துரைக்கு ஆள் தெரியாது. தம்பியின் பேரில் அண்ணனுக்கு வேலை போட்டவன் நான். தோட்டங்களில் நடக்கிற காரியம்தான். எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

எண்பத்துமூன்று இனக் கலவரத்துக்குப் பிறகு ஒரு காலையில், இயக்கத்தில் சேர்ந்துவிட்டான் என்ற சந்தேகத்தில் பொலிஸ் ஜீப் அந்தத் தம்பியைத் தேடி வந்தது. செக்ரோலில் தம்பியின் பேரைப் பார்த்து, அண்ணனை ஆபீசுக்குப் பிடித்து வந்தார்கள். அவரிடம் அடையாள அட்டை இல்லை. தோட்டத்தில் பலருக்கும் அப்போது இல்லை. "இவன்தானா?" என்று இன்ஸ்பெக்டர் என்னிடம் சிங்களத்தில் கேட்டார். இவர் அண்ணன், தம்பி இங்கே இல்லை என்று சொன்னால் போதும். பக்கத்தில் துரை நின்றார். கள்ளப் பேர் எழுதியது தெரிந்தால் என் வேலை போய்விடும். தலையை ஆட்டினேன். அண்ணன் வாயே திறக்கவில்லை. பயந்துவிட்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெட்கம் கெட்டவன் நான்.

எட்டு மாதம் கழித்து அண்ணனை விடுதலை செய்தார்கள். ஒரு காது கேட்காமல் போயிருந்தது. ஆபீசுக்கு வந்தார். நான் நிமிரவே இல்லை. வேறு யாரும் இல்லையென்று பார்த்துக்கொண்டு, மேசையருகே குனிந்து மெதுவாகச் சொன்னார்:

"பயப்படாதீங்கய்யா. நான் அண்ணங்காரன்னு சொன்னா, தம்பி பேர்ல வேலை போட்டது யாருன்னு கேப்பாங்க. ஒங்களுக்கும் கைப்புள்ள இருக்குல்ல. எவ்வளவு அடிச்சும் நான் சொல்லலைங்க."